மடியில் செருகிய சங்கு

என்னோடு பாதி நாள் பேசாமலும் மீதி நாள் சண்டை போட்டும் பாசம் காட்டிய என் அண்ணே,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நீ குடிக்கவில்லை. கட்டுமாவடிக் கரையில் இதைச் சொன்ன ஒரே ஆள் இதுவரை நான்தான். இப்போது இன்னொரு ஆள் சேர்ந்திருக்கிறது. யார், எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டும். ஊரும் படிக்கட்டும் என்றுதான் உனக்கு எழுதுவதை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி போடுகிறேன்.

நீ ஒன்றும் உத்தமன் இல்லை. கல்யாணமான புதிதில் குடித்துவிட்டு வலைக்கொட்டகையில் விழுந்து கிடந்திருக்கிறாய். மதினி போட்ட சோற்றைத் தட்டோடு எத்தியிருக்கிறாய். அப்புறம் ஒருநாள் அம்மன் கோயில் வாசலில் மதினி தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாய், விட்டாய். விட்ட பிறகு தொடவே இல்லை. ஆனால் உன்னை ஊர் விடவில்லை. நீ கல் தடுக்கி விழுந்தாலும் சரக்கு என்றார்கள். ஒருவன் ஒரு காலத்தில் குடித்ததற்கு எத்தனை காலம் தண்டனை அனுபவிக்க வேண்டும்? உயிர் போகும் வரையா?

உனக்குத் தெரிந்ததைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். படிக்கிற மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும்.

நம் கரையில் படகும் வலையும் சம்மாட்டியுடையவை. சம்மாட்டி என்றால் முதலாளி. காலையில் படகு வந்ததும் நண்டு வலையை மணலில் விரித்து, சிக்கியதை ஒவ்வொன்றாகக் கழற்றுவோம். கூடையில் விழுவதெல்லாம் அவருக்கு. வலையில் வரும் சங்கும் சிப்பியும் மட்டும் கழற்றுகிறவருக்கு. மோட்டார் சைக்கிளில் வரும் சங்கு வியாபாரி வாங்கிக்கொள்வான். ஆனால் அதைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தோமானால், அதுவும் கூடைக்குள் போய்விடும். கேட்டால் சண்டை. கை இரண்டும் வலைக்குள் இருக்கும். அதனால் எடுத்த கையோடு இடுப்பில் செருகிக்கொள்வோம். ஆம்பளைகள் கைலி மடிப்பில், பொம்பளைகள் சேலை மடியில். கூடையில் விழுந்தால் அவருக்கு, மடியில் விழுந்தால் நமக்கு. நம் உரிமை அந்த இடுப்பு மடிப்பு அளவுதான்.

அன்று காலை நீ செருகியது கூம்பு வடிவத்தில் இருந்த ஒரு சங்கு. வெளிர் நிறம், மேலே காவிக் கோடுகள், நம் வலையைப் பார்த்து வரைந்தது போல. பார்க்க அழகு. உள்ளே உயிர் இருந்தது.

உன்னோடு வலை இழுத்த காளிதாஸ் அண்ணன்தான் மிச்சத்தைச் சொன்னார். இடுப்பில் ஏதோ சுருக்கென்று குத்தியது என்றாயாம். நண்டுக்கால் என்று நினைத்துத் தட்டிவிட்டாயாம். கொஞ்ச நேரத்தில் உதடு மரத்துப்போகிறது என்றாயாம். ஒரு ஆள் இரண்டாகத் தெரிகிறது என்று சிரித்தாயாம். எழுந்து தண்ணீர்க் குடத்தை நோக்கி நடந்தபோது கால் பின்னியது.

"என்ன மாப்ள, விடியக்காலையிலேயே ஏத்திட்டியா?"

"ரெண்டாத் தெரியுதாம்டா. ஒனக்கு ஒரு பொண்டாட்டியே சமாளிக்க முடியல, எதுக்குடா ரெண்டு?"

நீ பதில் சொல்ல வாயெடுத்தாய். நாக்கு குழறியது. அதற்கும் சிரித்தார்கள்.

மதினி தூக்குவாளியில் கஞ்சியோடு வந்தபோது நீ மணலில் உட்கார்ந்திருந்தாய். இமை இரண்டும் பாதி இறங்கியிருந்தன. அவளுக்கு வேறென்ன தோன்றும்? இந்த முகத்தைத்தானே புதிதாகக் கல்யாணமான அந்தக் காலம் முழுக்கப் பார்த்தாள்? பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரை எடுத்து உன் தலையில் ஊற்றினாள். நீ அசையவில்லை.

"ஏந் தலையில அடிச்ச சத்தியத்துக்கு இதுதான் மரியாதையா? கெட, இப்படியே கெட. இனி நீ கண்ணு முழிச்சாலும் ஒன் மூஞ்சில நான் முழிக்க மாட்டேன்."

கஞ்சியைக் கொண்டுபோய் நாய்க்கு ஊற்றினாள்.

"விடுங்க, தூங்கட்டும். தெளிஞ்சா எந்திரிப்பான்" என்றார் சம்மாட்டி. உன்னைக் கொட்டகை நிழலில் கிடத்தினார்கள். கையும் காலும் உள்ள ஒரு கூட்டம் உன்னைச் சுற்றி உட்கார்ந்து நண்டு கழற்றியது. உதடு நீலமான பிறகுதான் யாரோ பயந்து வண்டி பிடித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒருவர் குனிந்து உன் வாயை முகர்ந்து பார்த்தாராம். என்ன வாசனை அடித்திருக்கும்? நண்டும் டீசலும் ஐஸ்பெட்டியும் சேர்ந்த நம் எல்லோருடைய வாசனைதான். கூட வந்தவர்கள் "குடிச்சிருக்கான் சார்" என்று முந்திக்கொண்டு சொன்னதும் அவருக்கு வேலை சுலபமாகிவிட்டது. ஓரமாகப் போட்டார்கள். தெளியும் வரை காத்திருந்தார்கள். நீ தெளியவே இல்லை.

நான் அறந்தாங்கி ஜெராக்ஸ் கடையிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது உன்னை வீட்டு வாசலில் கிடத்தியிருந்தார்கள். அறுத்துப் பார்த்தால் போலீஸ் கேஸாகும், வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு செய்து தூக்கி வந்திருந்தார்கள். இறந்த பிறகும் உன் பேரில் முடிவெடுக்க அத்தனை பேர் இருந்தார்கள்.

குளிப்பாட்டுவதற்காகக் கைலியை அவிழ்த்தபோது மடிப்பிலிருந்து அந்தச் சங்கு விழுந்தது. அது இருந்த இடத்தில், உன் இடுப்பில், கொசுக்கடி அளவுக்கு ஒரு நீலப் புள்ளி. நான் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எறும்பு கடிச்சிருக்கும்" என்றார் ஒருவர். "பொணத்தப் போட்டுக்கிட்டு என்ன ஆராய்ச்சி, அங்கிட்டுத் தள்ளு" என்றார் இன்னொருவர்.

சங்கை எடுத்துக் கொல்லைப்புறம் மணலில் புதைத்தேன். எறும்பு அரித்துச் சதை போன பிறகு எடுக்கலாம் என்று. அது நாறியது, அண்ணே. துக்கம் கேட்க வந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். "எந்தப் பொணத்தடி இங்க பொதச்சு வச்சிருக்க?" என்று மதினி கத்தினாள். என் அண்ணனைக் கொன்றதை என்று சொன்னேன். அவள் என்னை அறைந்தாள்.

பிறகு செல்போனில் தேடித் தேடிப் படித்தேன். அது மீன் தின்னும் நத்தை. பகலெல்லாம் மணலுக்குள் புதைந்து கிடக்கும். நகரவே சோம்பல் படுகிற பிராணி, நீந்துகிற மீனை எப்படிப் பிடிக்கும்? தும்பிக்கை மாதிரி ஒன்றை நீட்டும். அதன் நுனியில் ஈட்டி போல ஒரு பல். உள்ளே விஷம். குத்திய மாத்திரத்தில் மீன் விறைத்து நின்றுவிடும், முழுசாக விழுங்கிவிடும். அந்த ஈட்டி துணியையும் துளைக்கும். மனிதனைக் குத்தினால் இமை இறங்கும், நாக்கு குழறும், கால் பின்னும், கடைசியில் மூச்சுவிடும் தசை நின்றுபோகும். மாற்று மருந்து கிடையாது. ஆனால் விஷம் தானாக இறங்கும் வரை யாராவது மூச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஆள் பிழைக்கும்.

யாராவது மூச்சுக் கொடுத்திருந்தால். இந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே.

மதினியிடம் படித்துக் காட்டினேன். "செத்தவரக் காப்பாத்த சிப்பி மேல பழி போடுறியா?" என்றாள். உன் போட்டோவைச் சுவரில் மாட்டவில்லை. டிரங்குப் பெட்டிக்குள் கவிழ்த்து வைத்துவிட்டாள். "சத்தியம் மீறுனவரு மூஞ்சி எனக்கு வேணாம்." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மறுவாரமே சம்மாட்டி வலையில் நண்டு கழற்றப் போய்விட்டாள். உன் இடத்தில்.

சங்கு வியாபாரி வந்தபோது அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்ததும் சொன்னான், "இதுவா? இது கொட்டும். உசுரோட இருந்தா நான் கையால தொடவே மாட்டேன்." வண்டிப் பையிலிருந்து ஒரு நீள இடுக்கியை எடுத்துக் காட்டினான்.

"தெரிஞ்சும் ஏன் இங்க ஒருத்தர்கிட்டயும் சொல்லல?"

"நல்லாருக்கே. சொன்னா எவ எடுத்துட்டு வருவா?"

அவனுக்கு இடுக்கி, நமக்கு இடுப்பு. அவன் பொய்கூடச் சொல்லவில்லை, அண்ணே. அதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது.

மதினிக்கு மூடி போட்ட எண்ணெய் டப்பா ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மடியில் செருகாதீங்க, இதில் போடுங்க என்றேன். "டப்பாவத் தூக்கிக்கிட்டுப் போனா சம்மாட்டி திருடின்னு சொல்லுவாரு, போடி" என்று அடுப்படியில் உப்புப் போட்டு வைக்க எடுத்துக்கொண்டாள்.

இனிமேல் சொல்லப் போவது உனக்குத் தெரியாதது. போன மாதம் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை, கடை லீவு. நானும் கரைக்குப் போயிருந்தேன். அடுப்படியில் உப்பைக் கொட்டிவிட்டு அந்த டப்பாவையும் எடுத்துப் போனேன். வெயில் ஏறும் நேரம். எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒரே வலையில் நண்டு கழற்றினோம். எப்போது செருகினாள் என்று நான் பார்க்கவில்லை.

"இடுப்புல என்னமோ புடுங்குது" என்று சேலையை உதறினாள். விழுந்தது அதே கூம்பு, அதே காவிக் கோடு. ஒரு குச்சியால் அதை டப்பாவுக்குள் தள்ளி மூடினேன்.

"மதினி, எந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"நண்டு கடிச்சதுக்கு ஆஸ்பத்திரியா? ஒனக்குக் கிறுக்கு முத்திருச்சுடி." சிரித்தாள். மறுபடி வலையில் கை வைத்தாள். வைத்த கை நின்றது. நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தாள். "வாசுகி" என்றாள். "உதடு மரத்துப்போச்சுடி."

அந்த நிமிஷம் அவள் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எப்படிச் சொல்வது? அவளுக்கும் தெரிந்துவிட்டது.

கரையில் நின்றது ஐஸ் வண்டி ஒன்றுதான். நண்டுப் பெட்டிகளை ஏற்றி முடித்திருந்தார்கள். நான் மதினியை இழுத்துக்கொண்டு ஓடினேன். சம்மாட்டி குறுக்கே வந்தார்.

"லோடு கம்பெனிக்குப் போகணும்டி. லேட்டாச்சுன்னா நண்டு செத்துரும்."

"நண்டு செத்தா நாளைக்கு வேற நண்டு வரும். வண்டிய எடுக்கச் சொல்றீங்களா, நானே எடுக்கவா?"

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. காளிதாஸ் அண்ணன் வண்டிக் கதவைத் திறந்து மதினியைத் தூக்கி டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். அவர் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். உன்னை நினைத்திருக்கிறார்.

உன்னைக் கொண்டுபோன அதே ஆஸ்பத்திரிதான், வேறு எங்கே போவது? போய்ச் சேரும்போது மதினிக்கு இமை இறங்கிவிட்டது. பேச்சு குழறியது. அங்கே இருந்த நர்ஸ் என்ன கேட்டார் தெரியுமா?

"புருசன் இருக்காரா?"

"இல்ல. செத்துட்டாரு."

"அப்ப வெசம் குடிச்சிருக்கும். வயித்தக் கழுவணும், டியூப் எடுங்க."

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. அந்த வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "ஆம்பளைக்குக் கண்ணு சொருகுனா போதை. தாலியறுத்தவளுக்குக் கண்ணு சொருகுனா வெசம். மீன்காரங்களுக்கு ஒங்ககிட்ட இருக்கிறது இந்த ரெண்டு நோயிதானா? எங்க அண்ணன இப்படித்தான் கொன்னீங்க. இங்க பாருங்க, கொட்டுனது இதுதான், மூச்சு நிக்கப் போகுது." டப்பாவை மேசையில் வைத்தேன்.

வாட்ச்மேன் என் கையைப் பிடித்து இழுத்தார். அதற்குள் ஒரு டாக்டர் வந்தார், என் வயதுதான் இருக்கும். டப்பாவை அவர் பார்க்கக்கூட இல்லை. மதினியின் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார். "கொட்டுச்சோ குடிச்சுச்சோ, அப்புறம் பார்ப்போம். நெஞ்சு தூக்கல. பையைக் கொடுங்க" என்றார். முகத்தில் மாஸ்க்கை அழுத்தி, ரப்பர் பையை அமுக்கி மூச்சுக் கொடுக்க ஆரம்பித்தார்.

அவ்வளவுதான், அண்ணே. பெரிய மருந்தில்லை, பெரிய மிஷினில்லை. ஒரு ரப்பர் பை, அதை அமுக்க ஒரு கை. உன் நெஞ்சில் கையை வைத்துப் பார்க்க அன்றைக்கு அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். உள்ளே இருந்த தம்பிதான் வழியெல்லாம் பையை அமுக்கினான். அறந்தாங்கி தாண்டியதும் அவன் கை சோர்ந்தது. எனக்குச் சொல்லிக் கொடுத்து, கொஞ்ச தூரம் என்னை அமுக்க விட்டான். "பேசிக்கிட்டே வாங்கக்கா. கேட்டாலும் கேக்கும்."

மதினி பிணம் மாதிரி கிடந்தாள். என்ன பேசுவது? "பிடிவாதம் புடிச்ச கழுத, டப்பாவுல போடுன்னு எத்தன தடவ சொன்னேன்" என்று திட்டினேன். திட்டு தீர்ந்தது. அப்புறம் என் வாயில் ஒன்றே ஒன்றுதான் வந்தது. அமுக்கும்போதெல்லாம் அதையே சொன்னேன். "அண்ணன் அன்னிக்குக் குடிக்கல, மதினி. அண்ணன் குடிக்கல." வண்டி பள்ளத்தில் விழும்போது மாஸ்க் நழுவும். மறுபடி அழுத்திப் பிடிப்பேன். அமுக்குவேன். "குடிக்கல, மதினி." இந்தக் கையை நான் நிறுத்தினால் அவள் நின்றுவிடுவாள் என்று தெரிந்துகொண்டே ஒருத்தி உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும், நினைத்துப் பார்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சு மிஷின் வைத்தார்கள். ராத்திரி போனது. மறுநாள் அவள் கைவிரல் அசைந்தது. அதற்கடுத்து இமை. தொண்டைக்குழாயை எடுத்ததும் தண்ணீர் கேட்பாள் என்று நினைத்தேன். கரகரத்த குரலில், "அந்த நர்சம்மா என்னைய வெசம் குடிச்சவன்னு சொல்லிட்டா பாரு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது எப்படித் தெரியும்? நீங்க நெனவுலயே இல்லையே."

"எல்லாம் கேட்டுச்சுடி. வண்டியில நீ என்னையக் கழுதைன்னது. எவனோ போனுல பிரியாணி சொன்னது. எல்லாம் கேட்டுச்சு. கண்ணத் தொறக்கத்தான் முடியல. கத்துறேன், உள்ளயே கத்துறேன், சத்தம் வரல."

நான் சிரித்தேன். பிழைத்த சந்தோஷத்தில் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மேலே ஓடிய காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப, அவருக்கும் கேட்டிருக்கும்ல?"

அந்தக் கேள்வியை உன்னிடமே கேட்கிறேன், அண்ணே.

கேட்டதா உனக்கு? ரெண்டு பொண்டாட்டி என்று சிரித்தது கேட்டதா? தெளிஞ்சா எந்திரிப்பான் என்றது கேட்டதா? அவர்கள் சிரித்த சத்தத்துக்கு அடியில் நீயும் உள்ளே கத்திக்கொண்டிருந்தாயா? குடிக்கலடி, குடிக்கலடி என்று எத்தனை முறை சொன்னாய்? தண்ணீர் தலையில் விழுந்தபோது அவள் கையை அடையாளம் தெரிந்ததா?

மதினி வீட்டுக்கு வந்தாயிற்று. சோறு தின்கிறாள், சண்டை போடுகிறாள். இடது கை மட்டும் இன்னும் கொஞ்சம் தளர்ச்சி. உன் சாவுக்குக் குடி காரணம் இல்லை என்று மாற்றிச் சொல்லும்படி அந்த ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டோம். முடிந்து போனதை ஏன் கிளறுகிறீர்கள் என்றார்கள். முடியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தோம். திரும்பப் போவோம்.

சம்மாட்டி என்ன செய்தார், கேள். மதினி பிழைத்து வந்த பிறகு எல்லோரையும் கூட்டி அக்கறையாகச் சொன்னார்: "இனி ஒருத்தரும் மடியில வைக்க வேண்டாம்மா. ஆபத்து. வர்ற சங்கெல்லாம் கூடையிலயே போட்டுருங்க." நம் சாவிலிருந்தும் அவருக்கு ஒரு லாபம் எடுக்கத் தெரிந்திருக்கிறது. மதினிதான் எழுந்தாள். தளர்ந்த கையால் அந்த எண்ணெய் டப்பாவைத் தூக்கி அவர் காலடியில் வைத்தாள். "மடியில வைக்கல. இதுல வைக்கிறோம். மூடி போட்டு வைக்கிறோம். ஆனா இது எங்க டப்பா." மற்ற பொம்பளைகளும் மறுநாள் ஆளுக்கொரு டப்பாவோடு வந்தார்கள். அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. தினமும் முறைப்பு. ஆனால் கரையில் டப்பாக்கள் இருக்கின்றன.

காளிதாஸ் அண்ணன் மட்டும் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. உன்னைப் பார்த்து முதலில் சிரித்தது அவர்தானாம். ஒருநாள் என்னிடம் அவராகவே சொன்னார். நான் பரவாயில்லை என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்று நீதான் சொல்ல வேண்டும்.

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது மதினி பக்கத்தில் நண்டுக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்குச் சொன்னதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்கன்னு எழுதவா?" என்று கேட்டேன்.

"வேணாம். கேட்டது கேட்டதுதான். அத அழிக்க முடியுமா?" அம்மியில் மசாலாவை வழித்துக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணு மட்டும் எழுது. கண்ணு முழிச்சாலும் ஒன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொன்னேன்ல? போட்டோவ எடுத்து நான் படுக்கிற எடத்துக்கு எதிர மாட்டிட்டேன். தெனம் அவரு மூஞ்சிலதான் முழிக்கிறேன்னு எழுது."

எழுதிவிட்டேன்.

அண்ணே, நான் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி இந்தக் கரையில் கண் சொருகி விழுகிற யாரையும், அவன் குடித்தே விழுந்திருந்தாலும் சரி, தெளியட்டும் என்று விட்டுவிட்டுப் போக மாட்டேன். வாயை முகர மாட்டேன். நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பேன். மூச்சு குறைந்தால் கொடுப்பேன். வண்டி வரும் வரை காதோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பேன், பதில் வராவிட்டாலும்.

நீ குடிக்கவில்லை என்று உன் காதில் விழும்படி அன்று சொல்ல முடியாமல் போன,
உன் கூடப்பிறந்தவள்
வாசுகி